கவுதாரிக் கண்ணுக்கு எட்டு வருஷம்

மோந்தெபுல்சானோ, இத்தாலி
10-10-1999

இயேசு, மரி, சூசை துணை.

அன்புள்ள மாமாவுக்கு ராயப்பன் எழுதிக்கொண்டது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் சகாயம் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? ஓமந்தூரில் மழை விழுந்ததா, கொல்லையில் மல்லாட்டை எடுத்தாயிற்றா என்று எழுதுங்கள்.

மாமா, ஒரு விஷயம். உரோமையில் இருந்த குருமடத்தை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகிறது. முன்பே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. இப்போது மோந்தெபுல்சானோ என்கிற மலை ஊரில் வின் சாந்தோவில் சேர்ந்திருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை திராட்சை ரசத்தோடுதான் என் பணி. இங்கே எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு, ரொம்பக் கெடுபிடி. முழுசாக முடிய எட்டு வருஷம் ஆகும். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. மனசு லேசாக இருக்கிறது.

அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் சாமியாராக்கிக் கடவுளுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவர் அவர். கண்டக்டராகப் பஸ்ஸில் தினமும் எத்தனை பேரைச் சமாளிக்கிறீர்கள், எங்கள் அம்மாவையும் சமாளிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அன்பு மறவாத,
ராயப்பன்

---

திண்டிவனம்
4-11-1999

அன்பு மச்சானுக்கு அருள்நாதன் ஆசி கூறி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மல்லாட்டை எடுத்தாயிற்று, கடலை கொஞ்சம் பொக்கு. உன் அம்மாவின் முழங்கால் உன் கடிதத்தைக் கேட்ட அன்றைக்கு மட்டும் வலிக்கவில்லை.

ஐந்து மாதமாக மறைத்துவிட்டாயே, திருட்டுப் பயலே! பெரிய குருமடத்துக்கு மாற்றல் என்பது எவ்வளவு நல்ல சேதி! வின் சாந்தோம் என்றால் நம் மெட்ராஸ் சாந்தோம் மாதிரி தோமையார் பேரில் இருக்கிற மடம் என்று பார்த்ததும் புரிந்துகொண்டேன். அங்கே உன்னைத் திராட்சை ரசத்துக்கே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றால் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் என்று அர்த்தம். விழுப்புரம் வண்டியில் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் பாதி பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியாரே அறிவிப்பு வாசித்தார். "நம்ம சூசை மேரியம்மா மகன் வின் சாந்தோம் மடத்தில் எட்டு வருஷப் பயிற்சிக்குப் போயிருக்கிறார், செபியுங்கள்" என்றார். பெண்கள் பக்கம் உன் அம்மாவுக்கு முன் வரிசையில் இடம் விட்டார்கள். எல்லோரும் "சாமியாரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அத்தைக்கு ஒரே ஒரு வருத்தம்தான். "எட்டு வருசமா மாப்ள? ஜல்தியா முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சகாயம் உன்னைக் கம்பளி போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

உன் மாமா,
அருள்நாதன்

---

மோந்தெபுல்சானோ
28-11-1999

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நலம் கேட்டு எழுதக்கூட நிதானம் இல்லை, மன்னியுங்கள்.

அது வின் சாந்தோம் இல்லை மாமா. வின் சாந்தோ. வின் என்றால் ஒயின், சாந்தோ என்றால் புனிதமானது. பேர்தான் புனிதம், சரக்கு சரக்குதான். நான் மடம் மாறவில்லை, மடத்தை விட்டே வெளியேறிவிட்டேன். எனக்குத் தேவ அழைத்தல் இல்லை என்று குருமட அதிபரிடம் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டு அனுப்பினார். இப்போது புரூனோ என்ற விவசாயியிடம் வேலை செய்கிறேன். ஒயின் என்று எழுதப் பயந்துகொண்டு, பைபிளில் வருகிற மாதிரி திராட்சை ரசம் என்று எழுதினேன். தப்பு என்னுடையதுதான்.

நாங்கள் போடுகிற ஒயினுக்குக் கவுதாரிக் கண் என்று பேர். நிஜமாகத்தான் சொல்கிறேன். நம் கொல்லையில் திடுக்கென்று எழும்பிப் பறக்குமே, அந்தக் கவுதாரியின் கண் மாதிரி சிவப்பாக இருக்கும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் கவர்மெண்டு இதற்குச் சட்டமே போட்டது. இந்த ஊர் எல்லைக்குள் விளைந்த பழம்தான் சேரும், கீழே பள்ளத்தாக்கில் விளைந்தது சேராது. பறித்த பழத்தைப் பாயில் பரப்பியும் உத்தரத்தில் தொங்கவிட்டும் சுருங்கும்வரை காயவைக்க வேண்டும். பிழிந்த சாற்றைச் சின்ன மரப்பீப்பாயில் ஊற்றி அடைக்க வேண்டும். எழுபத்தைந்து லிட்டருக்கு மேல் பிடிக்கிற பீப்பாய் கூடாது. அதற்குப் பிறகு எட்டு வருஷம். கடைசியில் ஒரு குழு வந்து ருசி பார்க்கும். தேறவில்லை என்றால் அந்தப் பேரை வைத்துக்கொள்ள முடியாது, சாதா ஒயினாகத்தான் குடிக்க வேண்டும்.

நானும் அப்படித் தேறாத கேஸ்தான் மாமா. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அம்மா முகத்தைத்தான் நினைக்க முடியவில்லை. இப்படியே ஊருக்கு வந்தால் என்னை வீட்டுக்குள் சேர்ப்பாரா? தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ராயப்பன்

---

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு, டைம்கீப்பர் அறை
9-1-2000

மச்சானுக்கு,

புது வருஷ வாழ்த்து. எல்லோரும் நலம், என் மானம் ஒன்றுதான் நலமில்லை.

எப்படிச் சொல்லச் சொல்கிறாய்? பீடத்திலிருந்து அறிவித்தாயிற்று. உன் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்தாயிற்று. இப்போது நான் போய், "அத்தை, அது மடம் இல்லை, ஒயின் கம்பெனி" என்றால் அவருக்கு நெஞ்சு தாங்குமா? அதைவிட, எனக்கு முதுகு தாங்குமா? இத்தனை வருஷமாக "எம் மாப்ள வெவரமானவரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மாமியார் எனக்கு மட்டும்தான் இருக்கிறார். அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

ஆனால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கேட்டுக்கொள். பயிற்சி எப்படி என்று அத்தை கேட்டார். நீ எழுதியதையே சொன்னேன். எல்லாம் சட்டப்படி நடக்கும், கவர்மெண்டு சட்டம். அந்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. முதலில் காயப்போடுவார்கள், அப்புறம் சின்ன இடத்தில் அடைத்துவிடுவார்கள், எட்டு வருஷம் கழித்து ஒரு குழு வந்து பரிசோதித்துப் பேர் கொடுக்கும் என்றேன். இதில் எது பொய்?

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இன்னா மாப்ள இது, புள்ளைய காயப்போடறாங்களா? துணியா அது? சோறு குடுக்காம காயப்போடறாங்களா?" என்றார். அந்த ஊர் தவமுறை அப்படி என்றேன். அது மட்டும் கொஞ்சம் என் சொந்தச் சரக்கு.

கோவித்துக்கொள்ளாதே. கோடைக்குள் நல்ல நேரம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அருள்நாதன்

---

மோந்தெபுல்சானோ
5-3-2000

அன்புள்ள மாமா, அக்கா இருவருக்கும் என் தோத்திரம். தவக்காலம் தொடங்கப்போகிறது. நான் சுகம், கையெல்லாம் பிசுபிசுப்பு.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அம்மா "துணியா அது" என்று கேட்ட இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. சொல்லிவிடுங்கள் மாமா.

போன மாதக் கடைசியில் பிழிந்தோம். நூறு கிலோ பழம் காய்ந்து சுருங்கியதில் சாறு கொஞ்சம்தான் வந்தது. வெல்லப்பாகு போலக் கெட்டி. கூரைக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. வெயில் காலத்தில் வேகும், குளிர் காலத்தில் விறைக்கும், அப்படித்தான் இருக்க வேண்டுமாம். பீப்பாய்களை அங்கே அடுக்கி, வாயை அடைத்து, சிமெண்டு பூசி, புரூனோ தேதியை எழுதினார். இனி எட்டு வருஷத்துக்கு ஒருவரும் திறக்க மாட்டோம்.

இன்னொன்று கேளுங்கள். பழைய பீப்பாயைக் காலி செய்யும்போது அடியில் ஒரு கசண்டு தங்கும். அதைக் கழுவ மாட்டார்கள். புதுச் சாற்றை அதன் மேலேயே ஊற்றுவார்கள். அதற்குத் தாய் என்று பேர். புரூனோ வீட்டுத் தாய்க்கு அவருடைய தாத்தா காலத்து வயசு. "தாய் இருக்கிறது, ரசத்தை அது பார்த்துக்கொள்ளும், நீ தலையிடாதே" என்று என்னைத் திட்டுவார். எனக்கு இங்கே சந்தோஷமாக இருக்கிறது மாமா. அதைத்தான் அம்மாவிடம் சொல்ல ஆசை.

ராயப்பன்

---

திண்டிவனம்
20-8-2000

அன்பு மச்சானுக்கு,

ஐந்து மாதமாகப் பதில் போடவில்லை. டூட்டி மாற்றினார்கள், காய்ச்சல் வந்தது என்று எழுதலாம். உண்மை என்னவென்றால் உனக்குச் சொல்ல எனக்கு முகம் இல்லை. நலம்தான் எல்லோரும்.

உன் கடிதம் வந்த அன்று அத்தை இங்கேதான் இருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "எம் புள்ளைய அடைச்சிட்டாங்களா மாப்ள?" என்று அவர் முந்திக்கொண்டார். அடைத்தாயிற்று என்றேன். "ஜன்னலு இருக்குதா?" இல்லை என்றேன். "கூட யாராச்சும் இருக்காங்களா?" அவர் கண் கலங்கியதைப் பார்த்து, ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று, "ஒரு தாய் இருக்கிறார், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அத்தைக்கு முகம் மலர்ந்தது. "தாயின்னா மதர் சுப்பீரியரா? வயசானவங்களா? நல்லவங்களா?" என்று ஒரே கேள்வி. வயது நிறைய ஆகிறது, அதிகம் பேச மாட்டார், இருந்த இடத்தை விட்டு நகர மாட்டார் என்றேன். "பாவம், அவங்களுக்கும் முட்டி வலி போல" என்றார்.

அடுத்த வாரமே திண்டிவனம் கடைத்தெருவுக்குப் போய் அந்தத் தாய்க்கு ஒரு சேலை எடுத்துவந்துவிட்டார். நீல வாயில் துணி, சின்னப் பூப் போட்டது. வயதானவர் என்பதால் அடக்கமான கலர் எடுத்தாராம். போன வாரம் உரோமைக்குப் போன கன்னியர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து உனக்குத் தபாலில் வரும். நான் தடுக்கப் பார்த்தேன், சகாயம் சாட்சி. அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும், என்னோடு நாலு நாளாகப் பேசவில்லை.

எனக்கே பேஜாராகிவிட்டது மச்சான். மன்னித்துக்கொள்.

அருள்நாதன்

---

மோந்தெபுல்சானோ
15-10-2000

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அக்காவும் பேசிக்கொள்கிறீர்களா? நான் நலம்.

சேலை வந்தது. மடிப்புக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. யாரையோ விட்டு எழுத வைத்திருக்கிறார்: "அம்மா, என் மகனுக்கு வெளிச்சம் பிடிக்கும். எப்போதாவது கதவைத் திறந்து விடுங்கள்." அதைப் படித்துவிட்டுப் பீப்பாய் அறையில் உட்கார்ந்து அழுதேன். புரூனோ பயந்துபோய் மேலே ஏறிவந்தார். முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சேலையை வாங்கி, பழைய தாய் இருக்கிற பீப்பாயின் மேல் அவரே போர்த்தினார். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

போதும் மாமா. இனி உங்கள் வழியாக ஒன்றும் வேண்டாம். நானே அம்மாவுக்கு எழுதப்போகிறேன். எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ராயப்பன்

---

திண்டிவனம்
12-11-2000

மச்சானே,

எழுதாதே! எழுதியிருந்தால் தபாலில் போடாதே! கடவுளே வழி விட்டிருக்கிறார்.

போன சனிக்கிழமை அத்தை தனியாகப் பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறார். "சாமி, எம் புள்ளைய காயப்போட்டு, காத்து இல்லாத ரூமுல எட்டு வருசம் அடைச்சி வைக்கறாங்க. எனக்கு மனசு ஆவல. நான் நேர்ந்ததை திருப்பிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். சாமியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் நல்ல பதிலாகத்தான் சொல்லியிருக்கிறார். "நேர்ந்தது நீங்கம்மா. சாமியாராவது அவன் இஷ்டம். கடவுள் அவனைத் தனியாத்தான் கேட்பார்" என்றாராம்.

அத்தை நேராக என்னிடம் வந்தார். "மாப்ள, எழுதுங்க. அவன உட்டுட்டு வரச் சொல்லுங்க. சாமியாரும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஆனா அவன் கோவிச்சிக்குவான். அவ்ளோ ஆசையா போனான், நானே கெடுக்கறேன். எம்மேல வருத்தப்பட வாணாம்னு சொல்லுங்க" என்று அழுதார்.

புரிகிறதா? இனி நீ உண்மை சொல்லவே தேவையில்லை. அம்மா வார்த்தையைத் தட்ட முடியாமல் மடத்தை விட்டேன் என்று வந்து இறங்கினால் போதும். ஊரே உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடும். என் தலையும் தப்பும். அடுத்த தபாலில் சரி என்று ஒரு வரி போடு.

அருள்நாதன்

---

மோந்தெபுல்சானோ
30-11-2000

அம்மாவுக்கு,

செபப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக அச்செழுத்தில் எழுதியிருக்கிறேன். கையெழுத்துதான் உனக்குப் படிக்க வராது, அச்சு வரும். இதை வேறு யாரும் உனக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நீயே படி.

நான் சுகமாக இருக்கிறேன். என்னை யாரும் காயப்போடவில்லை. யாரும் அடைத்து வைக்கவில்லை. அதெல்லாம் திராட்சைப் பழத்துக்குச் செய்வது. நான் மடத்தில் இல்லை அம்மா. போன வருஷம் மே மாதமே வெளியே வந்துவிட்டேன். ஒரு விவசாயியிடம் ஒயின் போடுகிற வேலை செய்கிறேன். மூன்று வேளை சாப்பிடுகிறேன். என் அறைக்கு இரண்டு ஜன்னல்.

நீ என்னைக் கெடுக்கவில்லை. நீ வா என்று சொல்வதற்கு முன்னாலேயே நான் வெளியே வந்துவிட்டேன், உன்னிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. நீ அழைத்ததால் விட்டேன் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றார்கள். அப்படி வந்தால் காலமெல்லாம் என்னைக் கெடுத்ததாக நினைத்து நீ அழுவாய். அது எனக்கு வேண்டாம்.

மாமாவைத் திட்டாதே. ஆரம்பத்தில் நான் தெளிவாக எழுதியிருந்தால் அவர் ஏன் உளறப்போகிறார்?

எனக்கு மூன்று வயதாக இருந்தபோதே நீ கடவுளுக்குக் கொடுத்தாய். அவர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். உனக்கு நான் வேண்டுமா? வேண்டும் என்றால் வருகிறேன். வேண்டாம் என்றாலும் உன் மேல் எனக்கு ஆசை குறையாது.

உன் மகன்,
ராயப்பன்

---

ஓமந்தூர்
29-12-2000

ராயப்பா,

நான் சொல்றேன், மாப்ள எழுதறாரு. ஒரு எழுத்து மாத்தனா தெரிஞ்சிடும், சகாயத்த உட்டு படிக்கக் கேட்டுட்டுதான் ஒட்டுவேன்னு சொல்லிட்டேன். தலைய குனிஞ்சிக்கினு எழுதறாரு.

நான் நல்லாக்கீறேன். உன் காயிதத்த மூணு நாளு படிச்சேன். ஒவ்வொரு எழுத்தா வெரல வெச்சி வெச்சி படிச்சேன். படிச்சி முடிச்சதும் எனக்கு வந்தது கோவம்தான். அத்த மொதல்ல எழுதுங்க மாப்ள, கோவம்னு. நல்லா பெருசா எழுதுங்க.

நீ சாமியாரா ஆவலன்னு கோவம் இல்ல. நீ ஒயின் போடறன்னும் கோவம் இல்ல. எங்கிட்ட சொல்லலன்னு கோவம். ஒரு வருசம்டா. உன்ன காயப்போடறாங்கன்னு சொன்ன நாள்லேந்து நான் ராச்சோறு துன்னல. எம் புள்ள பசியோட கெடக்கும்போது எனக்கு மட்டும் எப்பிடி எறங்கும்? காத்து இல்லாத ரூமுல வெச்சிக்கீறாங்கன்னதும் அன்னையிலேந்து ஃபேன் போடல. சித்திரை வெயிலு, ஓட்டு வூடு. நெருப்பா கொதிச்சது. நீ அங்க வேவறியேன்னு நானும் வெந்துக்கினு கெடந்தேன்.

(மச்சான், இது எனக்கும் சகாயத்துக்கும் இப்போதுதான் தெரிகிறது. தனியாக இருக்கிற மனுஷி, யாருக்குச் சொன்னார்? எழுத முடியவில்லை. — அருள்நாதன்)

இன்னா நடுவுல நீங்க எழுதறீங்க? நான் சொல்றத மட்டும் எழுதுங்க. அழுவாதீங்க, காயிதம் நனையுது.

ராயப்பா, மாப்ளைய நல்லா திட்டிட்டேன். ரெண்டு நாளு திட்டனேன், இப்ப போதும்னு ஆயிடுச்சி. அவரு கெட்டவரு இல்ல, வாயிதான் பெருசு. அந்த சேலைய பீப்பா மேல போத்திக்கீதுன்னு சகாயம் சொன்னா. இருக்கட்டும், எடுக்காத. தாயின்னு பேரு வெச்சிட்டாங்க, ஒண்ணும் இல்லாம உட முடியுமா?

கிறிஸ்மஸ் பூசைக்குப் போனேன். முன்னாடி எடம் உட்டாங்க. நான் பின்னாடி போயி ஒக்காந்தேன். வெளிய வந்ததும் பொம்பளைங்க "இன்னா சாமியாரம்மா?"ன்னு கேட்டாங்க. "எம் புள்ள சாமியாரு இல்ல, ஒயின் போடறான், கவர்மெண்டு சட்டப்படி போடறான், எட்டு வருசம் பொறுமையா இருந்து போடறான், உங்க ஊட்ல எவனுக்காச்சும் எட்டு நாளு பொறுமை இருக்குதா?"ன்னேன்.

எனக்கு நீ வேணுமான்னு கேட்டிருக்கற. உன்ன காய்ச்சல்ல தூக்கிக்கினு ஓடும்போது நான் கடவுள்கிட்ட கேட்டது சாமியார இல்ல. உன்ன தான்டா கேட்டேன். ஈஸ்டர் பெருநாளுக்கு முன்ன வா. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்.

நேத்து மத்தியானம் வயிறு நெறைய துன்னுட்டு, ஃபேன் போட்டுக்கினு படுத்தேன். மார்கழி மாசம், பல்லு கிட்டுது. நிறுத்தவே இல்ல.

இப்பிடிக்கு,
சூசை மேரி